நம்பிக்கை எப்படிச் சென்று சேர்கிறது?

கேள்வி: ஆசிரியர் வைக்கும் நம்பிக்கை மட்டுமே ஒரு மாணவரின் வாழ்க்கைப் பாதையை மாற்றிவிடுமா?

பதில்: ‘மட்டுமே’ என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது செய்யும் வேலை பெரிது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரோசென்தாலும் பள்ளித் தலைமையாசிரியர் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 20 சதவீத மாணவர்களைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, ‘இவர்கள் விரைவில் நன்கு முன்னேறுவார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் அவர்களுள் முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகள் நுண்ணறிவுத் தேர்வில் மற்றவர்களை விட அதிகம் முன்னேறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியவில்லை. ஆய்வின் அளவீட்டு முறையும் பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

கேள்வி கேட்ட ஆசிரியர், விடை தெரியாமல் தடுமாறும் மாணவரின் முகத்தைப் பார்த்தபடி இன்னும் மூன்று விநாடி காத்திருக்கிறாரா, உடனே அடுத்த பெஞ்சுக்குத் திரும்பிவிடுகிறாரா என்பதில்தான் நம்பிக்கை வெளிப்படுகிறது. அப்படிக் காத்திருக்கக் கண்ட மாணவர் மறுமுறை தானாகவே கை உயர்த்துவார். நாளடைவில் கடினமான பாடத்தையும் துணிந்து எடுப்பார். ‘உனக்குக் கணக்கு வராது’ என்று ஒருமுறை கேட்டதற்காகவே கணிதம் இல்லாத பாடப்பிரிவைத் தேடிச் சென்றவர்களை நான் அறிவேன்; அவர்களில் பலருக்குக் கணக்கு நன்றாகவே வந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.