வலையைக் கட்டுவது யார்?

(பதில் எழுதுபவர், சேலத்தில் 31 ஆண்டுகள் சுகாதாரத் துறையில் மலேரியா பணி செய்து ஓய்வு பெற்ற ஆய்வாளர்)

கேள்வி: ஐயா, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். எங்கள் பள்ளிக்கு வந்த சிஸ்டர் ஒருவர் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் பல வருடம் இருந்தவர். அங்கே குழந்தைகள் மலேரியாவில் இறப்பதை அவர் சொன்னதிலிருந்து மனசே சரியில்லை. தோழிகள் ஒன்பது பேர் சேர்ந்து ஏற்காடு கோடை விழா சமயத்தில் தட்டுவடை செட் விற்று 18,400 ரூபாய் சேர்த்திருக்கிறோம். அறக்கட்டளை தொடங்கி அங்கே கொசுவலை அனுப்ப ஆசை. எப்படிப் பதிவு செய்வது?
– மாணவி, அம்மாபேட்டை

பதில்: கண்ணு, உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். 2023இல் மட்டும் உலகத்தில் சுமார் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள். 100க்கு 95 பேர் ஆப்பிரிக்காவில். அதிலும் முக்கால்வாசி ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். சிஸ்டர் சொன்னது உங்களைத் தூங்கவிடவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை.

பதிவு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்களுக்கு இன்னும் 18 நிரம்பியிருக்காது, அதனால் உங்கள் பெயரில் பதிய முடியாது. பெரியவர்களை வைத்துப் பதிந்தாலும், வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை வெளிநாட்டில் செலவழிக்கும் பணத்துக்கு மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி இல்லாமல் விலக்கு கிடைக்காது. பத்திரம், ஆடிட்டர் என்று தட்டுவடைக் காசு கரைந்துவிடும். அதைவிட, அங்கே ஏற்கெனவே வலை கொடுத்துவரும் நல்ல அமைப்பு ஒன்றுக்கு அப்பாவோ அம்மாவோ தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நன்கொடையாக அனுப்பலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். உங்கள் தொகைக்குச் சிக்கலே இல்லை. கணக்கு நோட்டு மட்டும் நீங்களே எழுதுங்கள், எண்ணெய் வாங்கிய பில் உட்பட.

கொசுவைக் கொல்லும் மருந்து ஏற்றிய வலை ஒன்று ஏறக்குறைய 200 ரூபாய் ஆகும். உங்கள் காசுக்குச் சுமார் 90 வலை, ஒன்றுக்குள் இரண்டு பேர் படுக்கலாம். 180 பேர்! இது சின்ன விஷயமா? இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த மாதிரி வலைகள் பக்கத்துக் கரூரிலிருந்தே ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறுகின்றன. அதனால் இங்கே வாங்கி மூட்டை கட்டி அனுப்பும் வேலை உங்களுக்கு வேண்டாம்.

இப்போது நான் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூருக்கு வலை கொடுத்தோம். கையெழுத்து வாங்கினோம், திரும்பினோம். ஒரு மாதம் கழித்து ராத்திரி எட்டு மணிக்குப் போனேன். ஒரு பாட்டி வீட்டில் பேரன் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறான். மேலே இரண்டு கோணிச் சாக்கு. வலை எங்கே என்றேன். பாட்டி தகரப் பெட்டியைத் திறந்தார். அடியில் கல்யாணப் புடவை, அதன்மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத வலை. "மக பிரசவத்துக்கு வருவா, அப்பக் கட்டலாம்னு வெச்சிருக்கேன் சாமி" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் இருந்ததிலேயே புது சாமான் அதுதான். பையன் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டேன். மறுநாள் நாலு ஆணியும் சணல் கயிறும் கொண்டுபோய் நானே கட்டினேன். அப்புறம் அந்த ஊரில் மற்ற வீடுகளுக்கும்.

அதனால் பணம் அனுப்பும் முன் அந்த அமைப்புக்கு எழுதிக் கேளுங்கள்: வலையை வீட்டில் கட்டித் தருவது யார்? ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்ப்பது யார்? மருந்தின் வீரியம் சுமார் மூன்று வருடம்தான், அதற்கப்புறம் புது வலைக்கு என்ன ஏற்பாடு? பதில் சொல்லாதவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: உள்ளூரிலேயே கொசுத் தொல்லை தாங்கவில்லை. பிள்ளைகள் ஏன் கடல் தாண்டி உதவி செய்யக் கிளம்புகிறார்கள்? என் பேத்தியும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இந்த விஷயத்தில் உள்ளூர், வெளியூர் என்று பிரிக்க முடியாது ஐயா. நம் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும் மலேரியாக் கொசு அனாபிலிஸ் ஸ்டீஃபன்சி. தெற்காசியாவிலும் அரபு நாடுகளிலும் இருந்த அந்தக் கொசுவை 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டுபிடித்தார்கள். பிறகு எத்தியோப்பியாவிலும், இன்னும் சில நாடுகளிலும். அங்கே மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோயாக இருந்தது. இந்தக் கொசு நகரத்துத் தண்ணீர்த் தொட்டியில் வளர்கிறது. பொழுது சாய்ந்ததும் கடிக்க ஆரம்பித்துவிடும் என்பதால் வலை மட்டும் போதாது, தொட்டியை மூட வேண்டும். அந்த வேலை சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். கிணற்றில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விட்டு எத்தனை வருடம் பார்த்திருக்கிறோம்!

உங்கள் பேத்தியைத் தடுக்காதீர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒன்பது பேரையும் உங்கள் மொட்டைமாடிக்கு வரச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். தொட்டி மூடியைத் திறந்து வெள்ளைக் கரண்டியால் தண்ணீரை மொண்டு காட்டுகிறேன். மற்ற கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழு தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கண் தானாகவே தேடும். டார்ச் லைட் ஒன்று எடுத்து வைத்திருங்கள்.