லைப்ரரி ஒரு வெர்ஷன், பைண்டிங் ஒரு வெர்ஷன்

வாசகர் கேள்வி – லினக்ஸ் பதில்

இந்த முறை வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள் எல்லாம் ஒரே முடிச்சில் வந்து நிற்கின்றன: நிரல்களின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட், சப்வெர்ஷன் ஆகியவற்றின் லைப்ரரிகளுக்கான பைண்டிங்கை (ஒரு மொழியில் எழுதிய லைப்ரரியை வேறொரு மொழியிலிருந்து அழைக்க உதவும் இணைப்பு) சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தை அங்கங்கே சொல்லிவிடுகிறோம்.

சார், என் உபுண்டு 22.04-ல் கிட் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பைகிட்2 1.14.1 போடப் போனால் 'கிட்2.ஹெச் என்ற ஃபைல் இல்லை' என்று நின்றுவிடுகிறது. பைத்தான் 3.13 தனியாகப் போட்டிருக்கிறேன். கிட் இருக்கும்போது ஏன் இல்லை என்கிறது?
– கல்லூரி மாணவி, வியாசர்பாடி

நீங்கள் அடிக்கும் கிட் கட்டளை வேறு, பைத்தானுக்கான பைண்டிங்கான பைகிட்2 தேடும் லிப்கிட்2 வேறு. கிட் வேலையைச் செய்யும் நிரல்களை மற்ற மொழிகள் நேரடியாக அழைக்கும்படி சி மொழியில் புதிதாக எழுதியதுதான் லிப்கிட்2. கிட்டை இன்ஸ்டால் செய்தால் அது கூடவே வராது.

அதைவிட முக்கியம், உங்களுக்குக் கம்பைலே வேண்டாம். பைகிட்2-வின் வீல் (முன்கூட்டியே கம்பைல் செய்த பேக்கேஜ்) ஃபைலுக்குள் லிப்கிட்2 சேர்ந்தே வருகிறது. 1.14-க்கு வீல் பைத்தான் 3.9 முதல் 3.12 வரைக்கும்தான் உண்டு. 3.13-க்குப் பொருந்தும் வீல் கிடைக்காததால், பைத்தான் பேக்கேஜ்களைப் போடும் பிப் உங்களைக் கேட்காமலே சோர்ஸை இறக்கிக் கம்பைலில் இறங்கிவிட்டது. 22.04-உடன் வரும் பைத்தான் 3.10-ல் ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் திறந்து, அதே பிப் இன்ஸ்டாலை மறுபடி கொடுங்கள். 3.13 கட்டாயம் வேண்டுமென்றால் பைகிட்2-வை 1.16-க்கு ஏற்றுங்கள்.

பிப் மிகப் பழையதாக இருந்தாலும் இதே கதைதான். 19.3-க்கு முந்தைய பிப்புக்கு இன்றைய மெனிலினக்ஸ் (பல லினக்ஸ்களில் ஓடும்) வீலின் பெயரே புரியாது. நேரே சோர்ஸுக்குப் போய்விடும்.

எங்கள் ஆபீஸில் வெளியிலிருந்து வரும் பைனரி கூடாது, எல்லாம் சோர்ஸிலிருந்துதான். டெபியன் 12. லிப்கிட்2 டெவ் பேக்கேஜை ஆப்ட் வழியாகப் போட்ட பிறகும் 'பொருந்தும் லிப்கிட்2 வேண்டும்' என்று பைகிட்2 1.14.1 அடம்பிடிக்கிறது. முழு முறையையும் சொல்லுங்கள்.
– தண்டையார்பேட்டை வாசகர்

டெபியன் 12 தருவது லிப்கிட்2 1.5.1. பைகிட்2 1.14 கேட்பது 1.7 வரிசை. 1.15-ம் 1.16-ம் 1.8 வரிசையைக் கேட்கும், 1.17 கேட்பது 1.9. நடு எண் ஒன்று தவறினாலும் கம்பைலரே கதவைச் சாத்திவிடும். லிப்கிட்2-வில் நடு எண் மாறினால் உள்ளே சில ஃபங்ஷன்களின் வடிவமும் மாறும் என்பதால் வேண்டுமென்றே வைத்த பூட்டு அது. ஹெட்டரில் (லைப்ரரியின் ஃபங்ஷன்களை அறிவிக்கும் .ஹெச் ஃபைல்) உள்ள எண்ணைத் திருத்தி ஏமாற்றப் பார்க்காதீர்கள். கம்பைல் ஆகும், ஓடும்போது விழும்.

முதலில் ஆப்ட் வழியாக: பில்ட்-எசென்ஷியல், சிமேக், பிகேஜி-கான்ஃபிக், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எஸ்எஸ்ஹெச்2-1-டெவ், இசட்லிப்1ஜி-டெவ், பைத்தான்3-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ். பைத்தான்3-டெவ் விட்டுப்போனால் 'பைத்தான்.ஹெச் இல்லை' என்று வரும். லிப்எஃப்எஃப்ஐ எதற்கு என்றால், பைகிட்2 நம்பியிருக்கும் சிஎஃப்எஃப்ஐ-யையும் உங்கள் ஆபீஸ் விதிப்படி சோர்ஸிலிருந்து கட்ட வேண்டுமே, அதற்கு. ஏற்கெனவே போட்ட லிப்கிட்2 டெவ் பேக்கேஜை நீக்கிவிடுங்கள். இரண்டு ஹெட்டர் இருந்தால் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைத்தான் கம்பைலர் எடுக்கும்.

அடுத்து லிப்கிட்2 1.7.2-ன் சோர்ஸ். கிட் க்ளோனில் --டெப்த் 1 --பிரான்ச் வி1.7.2 சேர்த்தால் பழைய வரலாறு முழுவதும் இறங்காது. மொபைல் டேட்டாவில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

சிமேக்கை ஓட்டும்போது மூன்று விருப்பங்களை மறக்காதீர்கள். மூன்றும் பெரிய எழுத்து, ஒவ்வொன்றின் முன்னும் -டி. சிமேக்_இன்ஸ்டால்_பிரிஃபிக்ஸ் உங்கள் ஹோமுக்குள் ஒரு தனி ஃபோல்டரைக் காட்டட்டும். பில்ட்_டெஸ்ட்ஸ் ஆஃப். யூஸ்_எஸ்எஸ்ஹெச் ஆன். டீஃபால்ட் என்னவோ இருக்கட்டும் என்று கடைசி விருப்பத்தை விட்டுவிடாதீர்கள், அது வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுகிறது. சிமேக் முடியும்போது எந்தெந்த வசதி இயங்குகிறது என்று ஒரு பட்டியல் போடும். அதில் எஸ்எஸ்ஹெச்-ம் ஹெச்டிடிபிஎஸ்-ம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சிமேக் --பில்ட், அதன்பின் சிமேக் --இன்ஸ்டால்.

யூஎஸ்ஆர் லோக்கலில் ஏன் போடக்கூடாது? போடலாம். போட்டால் சூடோவுடன் எல்டிகான்ஃபிக் ஓட்ட வேண்டும். ஃபெடோரா, ராக்கி போன்றவற்றில் யூஎஸ்ஆர் லோக்கல் லோடரின் (ஓடும்போது லைப்ரரியைத் தேடி ஏற்றும் நிரல்) தேடல் பட்டியலிலேயே கிடையாது, தனியாக எழுத வேண்டும். ஃபைல் போய் விழுவதும் லிப்64 என்ற ஃபோல்டரில். அதோடு, நாளைக்கு வேறு புராஜெக்ட் 1.8 கேட்டால் ஹெட்டர்கள் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படும். எங்கள் கட்சி எப்போதும் தனி ஃபோல்டர்தான்.

இனி பைண்டிங். லிப்கிட்2 என்ற பெயரில் (பெரிய எழுத்து) ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் வைத்து, அந்தத் தனி ஃபோல்டரின் முகவரியைக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எல்டிஃப்ளாக்ஸ் வேரியபிளில் -டபிள்யூஎல்,-ஆர்பாத் என்று தொடங்கி அதே ஃபோல்டரின் லிப்பைக் காட்டுங்கள் (முதல் வேரியபிள் கம்பைல் நேரத்துக்கு, இது ஓடும் நேரத்துக்கு: லைப்ரரியை எங்கே தேடுவது என்பதை ஆர்பாத் பைண்டிங்கிலேயே எழுதிவிடும்). பிறகு விர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் பிப் இன்ஸ்டால், அதில் --நோ-பைனரி பைகிட்2,சிஎஃப்எஃப்ஐ, கூடவே --நோ-கேஷ்-டிர். சூடோ வேண்டாம், சூடோ போட்டால் நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த வேரியபிள்கள் உள்ளே போய்ச் சேராது.

அந்த நோ-கேஷ் எதற்கு என்று கேட்பீர்கள். பிப் தான் கம்பைல் செய்த வீலையும் எடுத்து வைத்துக்கொள்ளும். லிப்கிட்2-வை மாற்றிவிட்டு மறுபடி இன்ஸ்டால் கொடுத்தால், கம்பைலே செய்யாமல் பழைய லைப்ரரியோடு கட்டிய பழைய வீலை நீட்டும். எல்லாம் சரியாகச் செய்தும் பழைய எர்ரரே வருகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

முடிந்ததும் சைட்-பேக்கேஜஸில் பைகிட்2-வைத் தேடி, .எஸ்ஓ என்று முடியும் ஃபைல்மீது எல்டிடி (எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டுங்கள். லிப்கிட்2.எஸ்ஓ.1.7 என்ற வரியில் உங்கள் ஃபோல்டர் தெரிய வேண்டும். 'நாட் ஃபவுண்ட்' என்றால் ஆர்பாத் ஒட்டவில்லை.

மேக் ஓடும்போது நடுவில் கரண்ட் போய்விட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
– திருவொற்றியூர்

வேண்டாம். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் முடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். லிங்க் ஆகும்போது 'ஃபைல் ட்ரங்கேட்டட்' என்று ஏதாவது .ஓ ஃபைலைக் காட்டினால், கரண்ட் போன நொடியில் பாதி எழுதிய ஃபைல் அது. அதை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

இம்போர்ட் ஆகிறது, ஆனால் எஸ்எஸ்ஹெச் முகவரியிலிருந்து க்ளோன் செய்தால் 'அன்சப்போர்ட்டட் யூஆர்எல் புரோட்டகால்' வருகிறது. கீ தப்பா?
– பெரம்பூர்

கீ வரைக்கும் போகவே இல்லை. எஸ்எஸ்ஹெச் இல்லாமல் லிப்கிட்2-வைக் கட்டியிருக்கிறீர்கள். பைத்தானில் பைகிட்2.ஃபீச்சர்ஸ் எண்ணை எனம்ஸுக்குள் இருக்கும் ஃபீச்சர்.எஸ்எஸ்ஹெச்-உடன் '&' போட்டுப் பாருங்கள், சைபர் வரும். பில்ட் ஃபோல்டரை அழித்து, மேலே சொன்ன விருப்பத்துடன் லைப்ரரியைத் திரும்பக் கட்டுங்கள். அழிக்காவிட்டால் சிமேக் முன்பு எடுத்து வைத்த பதில்களையே சில சமயம் திருப்பிச் சொல்லும்.

டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட் சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டினால் 'லிப்கிட்2.எஸ்ஓ.1.7 திறக்க முடியவில்லை' என்கிறது. அதைச் சரிசெய்தால் 'ரெப்பாசிட்டரி இந்த யூசருக்குச் சொந்தமில்லை' என்கிறது.
– மணலி வாசகர்

இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது, எல்டி_லைப்ரரி_பாத்தை பாஷ்ஆர்சி-யில் எழுதியிருப்பீர்கள். அதைப் படிப்பது உங்கள் ஷெல் மட்டும். சிஸ்டம்டி, கிரான் இரண்டும் எட்டிக்கூடப் பார்க்காது. ஆர்பாத் வைத்துத் திரும்பக் கட்டினால் இந்தத் தலைவலி நிரந்தரமாகத் தீரும். ஃபோல்டர் ஹோமுக்குள் இருந்தால் சர்வீஸ் ஓடும் யூசருக்கு அதைப் படிக்கும் உரிமை உண்டா என்றும் பாருங்கள். சர்வீஸ் என்றால் ஆப்ட் (ஓ-பி-டி) ஃபோல்டருக்குக் கீழே வைப்பதே உத்தமம்.

இரண்டாவது கோளாறே அல்ல, காவல். 2022-ல் வெளியான ஒரு பாதுகாப்புக் குறைக்குப் பிறகு கிட்டும் லிப்கிட்2-வும் ரெப்பாசிட்டரி ஃபோல்டரின் உரிமையாளரைச் சரிபார்க்கின்றன. சர்வீஸ் யூசராகவே கிட் கான்ஃபிக் --குளோபல் --ஆட் சேஃப்.டைரக்டரி கொடுத்து அந்த முகவரியைச் சேருங்கள். சர்வீஸுக்கு ஹோம் வேரியபிள் இல்லாவிட்டால் குளோபல் கான்ஃபிக் கண்ணில் படாது; யூனிட் ஃபைலில் அதையும் எழுதுங்கள். இந்தச் சோதனையையே அணைத்துவிடும் வழி உண்டு. நாங்கள் சொல்லித்தர மாட்டோம்.

எங்கள் லேபில் 20 கணினிகள், இன்டர்நெட் கிடையாது. ஆசிரியர் மேஜையில் உபுண்டு 24.04, மற்றவை 22.04, எல்லாவற்றிலும் பைத்தான் 3.12. ஒன்றில் கட்டி மற்றவற்றுக்குக் காப்பி செய்தால் 'கிளிப்சி_2.38 இல்லை' என்கிறது.
– கொருக்குப்பேட்டை கல்லூரி லேப் பொறுப்பாளர்

24.04-ல் இருக்கும் கிளிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.39, 22.04-ல் 2.35. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆகவே மாணவர் கணினி ஒன்றில் கட்டுங்கள். பிப் இன்ஸ்டாலுக்குப் பதில் பிப் வீல் கொடுத்தால் வீல் ஃபைலாகக் கையில் கிடைக்கும். சிஎஃப்எஃப்ஐ போன்ற துணைப் பேக்கேஜ்களின் வீலும் கூடவே வரும். ஆனால் பைகிட்2-வின் வீலுக்குள் பைண்டிங் மட்டும்தான் இருக்கும். ஆடிட்வீல் ரிப்பேர் ஓட்டினால் லிப்கிட்2-வும் அது நம்பியிருக்கும் லைப்ரரிகளும் உள்ளே அடைபடும். பேட்ச்எல்ஃப் முன்கூட்டியே இருக்க வேண்டும். பென்டிரைவில் எடுத்துப்போய் பிப் இன்ஸ்டால் --நோ-இன்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் என்று ஃபோல்டரைக் காட்டினால் போதும்.

ஒரு சங்கடம் உண்டு. உள்ளே அடைபட்ட ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆப்ட் அப்டேட் போய்ச் சேராது. இன்டர்நெட் இல்லாத லேபுக்குப் பரவாயில்லை, வெளியே திறந்த சர்வருக்கு இப்படிச் செய்யாதீர்கள்.

நாங்கள் இன்னும் சப்வெர்ஷன்தான். டிராக் (புராஜெக்ட், பக் கண்காணிக்கும் வலைமென்பொருள்) 1.6-க்காக பைத்தான் 3 பைண்டிங் கட்ட வேண்டும். மேக் இன்ஸ்டால் முடிந்தும் 'எஸ்விஎன் என்ற மாட்யூல் இல்லை' என்கிறது.
– ராயபுரம் வாசகர்

டெபியனின் சொந்தப் பைத்தான் போதுமென்றால் பைத்தான்3-சப்வெர்ஷன் பேக்கேஜைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். வேறு பைத்தான் என்றால்தான் சோர்ஸ்.

பைத்தான் 3-க்கான பைண்டிங் 2020 மே மாதம் வந்த 1.14-லிருந்துதான் உண்டு, 1.13 சோர்ஸோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஸ்விக் (பைண்டிங்கை உருவாக்கும் கருவி), பை3சி, ஏபிஆர் (அப்பாச்சியின் அடிப்படை லைப்ரரி), ஏபிஆர்-யூடில், எஸ்கியூலைட், எல்இசட்4, யூடிஎஃப்8பிராக் ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்கள் வேண்டும். ஹெச்டிடிபி வழியே ரெப்பாசிட்டரி திறப்பீர்களானால் செர்ஃபும். கான்ஃபிகருக்கு முன்னால் பைத்தான் வேரியபிளில் (பெரிய எழுத்து) உங்கள் பைத்தானின் முழு முகவரியைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வேறொரு பைத்தானுக்குக் கட்டிவிட வாய்ப்புண்டு. 'டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை' என்று வந்தால் பைத்தான் 3.12-ல் அது நீக்கப்பட்டதுதான் காரணம். செட்அப்டூல்ஸ் போட்டால் ஈடுசெய்யும்.

வெறும் மேக் பைண்டிங்கைக் கட்டாது. மேக், மேக் இன்ஸ்டால் முடிந்த பிறகு மேக் ஸ்விக்-பை, மேக் செக்-ஸ்விக்-பை, மேக் இன்ஸ்டால்-ஸ்விக்-பை என்று தனியாகக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தும் ஃபைல்கள் பிரிஃபிக்ஸின் லிப்புக்குள் எஸ்விஎன்-பைத்தான் என்ற ஃபோல்டருக்குத்தான் போகும். பைத்தான் அங்கே தேடாது. சைட்-பேக்கேஜஸில் சப்வெர்ஷன்.பிடிஹெச் என்று ஒரு ஃபைல் வைத்து, அந்த ஃபோல்டரின் முழு முகவரியை ஒரே வரியில் எழுதுங்கள். பைத்தானில் ஃப்ரம் எஸ்விஎன் இம்போர்ட் கோர் அமைதியாக முடிந்தால் சரி.

அப்பாச்சிக்குள் டிராக் ஓடுவதாக இருந்தால் ஏபிஆரை சிஸ்டத்திலிருந்தே எடுங்கள்: --வித்-ஏபிஆர்-ல் ஏபிஆர்-1-கான்ஃபிக்கின் முகவரி, --வித்-ஏபிஆர்-யூடில்-ல் ஏபியூ-1-கான்ஃபிக்கின் முகவரி. சோர்ஸோடு தனி ஏபிஆர் இறக்கிக் கட்டினால் ஒரே புராசஸுக்குள் இரண்டு ஏபிஆர் உட்கார்ந்து, எந்தச் செய்தியும் இல்லாமல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் கவிழும்.

பழைய ரூபி புராஜெக்டில் ரக்கட் ஜெம் போட்டால் 'சிமேக் 3.5-க்குக் கீழே இனி ஆதரவில்லை' என்று நிற்கிறது.
– வண்ணாரப்பேட்டை

உங்கள் சிமேக் 4-க்கு ஏறியிருக்கிறது. ரக்கட் என்பது லிப்கிட்2-வுக்கான ரூபி பைண்டிங்; அந்த ஜெம்முக்குள் இருக்கும் லிப்கிட்2 பழசு. சிமேக் 3 வரிசைக்கு இறங்குவது சுலபம். புராஜெக்ட் அனுமதித்தால் புதிய ரக்கட்டுக்கு ஏறுவது நல்லது.