போருக்குப் போய்வந்தவர்களும் வீட்டாரும்: கேள்வி பதில்

(அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கு மனநல ஆலோசனை தரும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சில.)

கேள்வி: என் மாமனார் அமெரிக்கர், வியட்நாமில் போரிட்டவர். ஜூலை 4 வாணவேடிக்கை தொடங்கினால் கராஜுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஐம்பது வருடம் கழித்து இன்னுமா?

பதில்: இன்னும்தான். உயிர்பயத்தோடு பதிந்த நினைவு மற்றதைப்போல மங்குவதில்லை. பட்டாசுதான் என்று அவருக்குத் தெரியும், ஆனால் அதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்திருக்கும். எத்தனை மணிக்கு வெடிப்பார்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள்.

கேள்வி: வியட்நாம் வீரர்களைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

பதில்: இது பழைய தொந்தரவுதான், முதல் உலகப் போரிலேயே 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) என்றார்கள். ஆனால் வியட்நாமுக்குப் பெரும்பாலானோர் தனித்தனியாக அனுப்பப்பட்டு, ஒரு வருடம் முடிந்ததும் தனியாகவே விமானம் ஏறினார்கள். ஓரிரு நாளில் வீட்டு வாசல். 1945-ல் கப்பலில் கூட்டாளிகளோடு பேசியபடி ஊர் திரும்பியவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இவர்களுக்கு இல்லை. 1970-ல் நியூயார்க்கில் இவர்களே கூடிப் பேசத் தொடங்கினார்கள். மனநல மருத்துவர்கள் ராபர்ட் லிஃப்டனும் ஹைம் ஷட்டானும் கூட உட்கார்ந்து கேட்டார்கள். அந்த உழைப்பின் பலனாகவும்தான் 1980-ல் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனநோய்) அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது. வியட்நாமில் இருந்த ஆண்களில் வாழ்நாளில் எப்போதாவது அது வந்தவர்கள் சுமார் 30 சதவீதம் என்றது 80களின் அமெரிக்க அரசு ஆய்வு. 2006-ல் கறாராக மறுகணக்கு போட்டபோதும் 19 சதவீதம் வந்தது.

கேள்வி: என் அப்பா 1971 போரில் இருந்தவர். எங்களை அடித்ததே இல்லை. ஆனால் அவர் எதிரில் நாங்கள் சத்தமாகச் சிரித்ததும் இல்லை. இன்று கதவு படாரென்று சாத்தினால் நான் நடுங்குகிறேன். எனக்கும் அந்த நோயா?

பதில்: அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று கணிக்கப் பழகியிருப்பீர்கள். வீட்டுக்குள்ளேயே காவல் நிற்கும் பழக்கம் அது, சுலபத்தில் விடாது. அம்மாக்களோ "அப்பா தூங்குறார், சத்தம் போடாதே" என்று சொல்லியே ஒரு ஆயுளை ஓட்டிவிடுகிறார்கள். வியட்நாம் வீரர்களின் குடும்பங்களைப் பார்த்த ஆய்வுகளில், தகப்பன்-பிள்ளை உறவை அதிகம் கெடுத்தது மரத்துப்போய் விலகியிருக்கும் அந்த மௌனம்தான். பிள்ளை அதைத் தன்மேல் பாசமில்லை என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் அப்பாவுக்குப் பாசம் இருந்திருக்கும், காட்ட வழி அடைபட்டிருக்கும். நோயா என்று நான் இங்கிருந்து சொல்லக்கூடாது. மருத்துவரிடம் போகும்போது அப்பாவின் கதையையும் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

கேள்வி: 75 வயதில் சிகிச்சை பலிக்குமா?

பதில்: பலிக்கும். ஓய்வு பெற்றபின் தொந்தரவு கூடுவதும் உண்டு, இத்தனை நாள் வேலை அதை அமுக்கி வைத்திருக்கும். நடந்ததை அவசரமில்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் சிகிச்சை முதியவர்களுக்கும் உதவுகிறது. குடியை நிறுத்தச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள், பலருக்குத் தூக்க மாத்திரையே அதுதான். அப்புறம், சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே கூப்பிடுங்கள்: இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. அமெரிக்காவில் 988-ஐ அழைத்து, பிறகு முன்னாள் வீரர்களுக்கான 1-ஐ அழுத்துங்கள்.