துளை கூடியது, ஹைட்ரஜன் கூடவில்லையே!

ஓர் ஆராய்ச்சி மாணவியின் கேள்வி: மெலமைனுக்குப் பதில் யூரியாவை 550 டிகிரியில் சுட்டு கார்பன் நைட்ரைடு (வெளிச்சம் பட்டால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க உதவும் பொடி) செய்தாராம். பரப்பளவு கிராமுக்கு 9 சதுர மீட்டரிலிருந்து 80 ஆகிவிட்டது, கிடைக்கும் ஹைட்ரஜன் மட்டும் கூடவே இல்லை. சிலிக்கா அச்சு வைத்து இன்னும் துளை போட்டு, அளந்தும் தர ஓர் ஏஜென்ட் முப்பதாயிரம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அந்த 80 என்பது உலர்த்திய பொடிக்குள் நைட்ரஜன் வாயு எவ்வளவு ஒட்டியது என்பதிலிருந்து வரும் கணக்கு. வாயு நுழையும் இடத்தில் எல்லாம் தண்ணீரும் நுழையும் என்று யார் சொன்னது? துளைச் சுவரில் குறைகள் அதிகமாக இருந்தால், வெளிச்சம் பிரித்துவிட்ட எலக்ட்ரான் பரப்புக்கு வருவதற்குள் வழியிலேயே மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, சாதாரண கார்பன் நைட்ரைடு ஏறக்குறைய 460 நானோமீட்டர் வரை வெளிச்சத்தை உறிஞ்சும். சுவர் மெலிந்தால் அந்த எல்லை நீலப் பக்கம் நகர்ந்துவிடும். உங்கள் விளக்கில் 420 நானோமீட்டருக்குக் கீழான வெளிச்சத்தைத் தடுக்கும் ஃபில்டர் இருந்தால் மிச்சம் ஒரு கீற்றுதான். முதலில் இரண்டு பொடியின் உறிஞ்சு நிறமாலையையும் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சிலிக்காவைக் கரைத்து எடுக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அமோனியம் பைஃப்ளூரைடோ வேண்டும். பட்டவுடன் வலிக்காமல் எலும்பு வரை போகிற சரக்கு அது. அதற்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கூட வைத்திருக்காத ஏஜென்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஹைட்ரஜனை அளக்கும் குரோமட்டோகிராஃபில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) மாதிரியைச் சுமந்து போகும் கேரியர் வாயு எது? ஹீலியம் என்றால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். வெப்பக் கடத்தலில் ஹைட்ரஜனும் ஹீலியமும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் வெப்பக் கடத்தல் வித்தியாசத்தை வைத்து அளக்கும் டிடெக்டரில் சிக்னல் சுருங்கும், சில நேரம் தலைகீழாகவும் வரும். ஆர்கான் போன்ற வாயுதான் வேண்டும். ஆனால் ஒரு ஆர்கான் சிலிண்டருக்கு மூன்று கையெழுத்தும் நாலு மாதமும் ஆகிற கல்லூரியில், பிள்ளைகள் ஏஜென்ட்டிடம் போகாமல் எங்கே போவார்கள்?

சரி, துளையே வேண்டாமா என்றால் அப்படியும் இல்லை. லிவர்பூலில் ஆண்ட்ரூ கூப்பர் குழு 2018-ல் வெளியிட்ட சல்ஃபோன் (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதி) கொண்ட கோஃப் (COF, வலைபோல் பின்னிய கரிமப் பொருள்) இருக்கிறதே, அது விலக்கு. 3.2 நானோமீட்டர் துளைகள் வரிசையாக இருக்கும், சுவரில் சல்ஃபோன் இருப்பதால் தண்ணீர் உள்ளே போகும், கட்டமைப்பும் ஒழுங்கானது. மணிக்கு கிராமுக்கு 10.1 மில்லிமோல் ஹைட்ரஜன் வந்தது. மூன்றும் சேர்ந்ததால்தான் வந்தது, துளை இருந்ததால் மட்டும் அல்ல. அதிலும் ஹைட்ரஜன் உருவாக உதவும் பிளாட்டினமும், எலக்ட்ரான் கொடுத்துத் தானே தீர்ந்துபோகும் அஸ்கார்பிக் அமிலமும் போட்டார்கள், மறந்துவிடாதீர்கள்.

'உலோகமே இல்லாத' என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே 3 சதவீதம் பிளாட்டினம் போடுவது இந்தத் துறையின் பழைய வழக்கம். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். மெலமைன் பொடிக்கு அளந்த அதே பிளாட்டினத்தை ஒன்பது மடங்கு பரப்பில் தெளித்திருக்கிறீர்கள், அந்த அளவை மாற்றிப் பார்த்தீர்களா? அஸ்கார்பிக் அமிலம் போலவே எலக்ட்ரான் கொடுக்கும் ட்ரைஎத்தனோலமைன் ஊற்றியிருந்தால் 'நீரைப் பிளந்தேன்' என்றும் எழுதாதீர்கள், ஆக்சிஜன் வரவில்லை.

இந்த வாரம் காசு செலவில்லாமல் மூன்று சோதனை போடுங்கள்: விளக்கை அணைத்து ஒன்று, பொடி போடாமல் ஒன்று, பொடி அளவை இரட்டிப்பாக்கி ஒன்று. கடைசியில் ஹைட்ரஜன் இரட்டிக்காவிட்டால், முதல் அளவுப் பொடியே வெளிச்சத்தை முழுக்கத் தின்றுவிடுகிறது. அப்புறம் கிராம் கணக்கில் ஒப்பிட்டு என்ன பயன்?