சாடி லில்லி மாரியில் அழுகுவது ஏன்?

மட்டக்களப்பு வீட்டில் சாடியில் வைத்த சிவப்பு லில்லி ஒவ்வொரு மாரியிலும் அழுகுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். மழையைவிடத் தேங்கும் தண்ணீர்தான் எமன். கார்த்திகை, மார்கழியில் சாடியை இரண்டு செங்கல் மேல் தூக்கி, தாழ்வாரத்துக்குள் தள்ளி வையுங்கள், அடித்தட்டை எடுத்துவிடுங்கள். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நான் ஒருமுறை முழுதாகப் புதைத்துவிட்டேன். தோண்டினால் அளிந்த வாழைப்பழம் போலக் கொழகொழவென்று, நாற்றம் வேறு! வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்மண் விரல்நுனி ஆழம் காய்ந்தபின் ஊற்றினால் போதும். பூ முடிந்ததும் தண்டை மட்டும் வெட்டுங்கள், இலையைத் தொடாதீர்கள். கிழங்குக்குச் சாப்பாடு அதிலிருந்துதான். பூங்கொத்துகளில் வரும் ஓரியண்டல் லில்லியா? அதற்குக் குளிர் வேண்டும், நுவரெலியாக்காரருக்கு விட்டுவிடுங்கள்.