அருண் கேத்தர்பால்: ஆறு மாதப் படைவாழ்வு

போர்க்கள வீரத்துக்கான இந்தியாவின் மிக உயரிய விருதான பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பால் எவ்வளவு காலம் இராணுவத்தில் பணியாற்றினார் என்று கேட்டிருக்கிறீர்கள்; ஆறே மாதங்கள்தாம். 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் பிறந்த அவர், 1971 ஜூனில் பூனா ஹார்ஸ் என்னும் டாங்கிப் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தார். அவ்வாண்டு நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 16 அன்று பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றருகே நடந்த சமரில், தீப்பற்றிய டாங்கியை விட்டு வெளியேறுமாறு வயர்லெஸ்ஸில் வந்த ஆணையை, பீரங்கி இன்னும் இயங்குகிறது என்று கூறி ஏற்க மறுத்துத் தொடர்ந்து போரிட்ட அவர், அடுத்துத் தாக்கிய குண்டில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 21. மறுநாளே போர் நின்றது என்பதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. 2001இல், தாம் பிறந்த சர்கோதாவைக் காணப் பாகிஸ்தான் சென்ற அவருடைய தந்தை பிரிகேடியர் எம். எல். கேத்தர்பாலைத் தம் வீட்டில் தங்கவைத்து உபசரித்த பாகிஸ்தானிய பிரிகேடியர் குவாஜா முகமது நாசர், அருணைச் சுட்டவர் தாமே என்று அவரிடம் நேரில் சொன்னார்.