ஜெயில்பிரேக் செய்த ப்ளேஸ்டேஷன் வாங்கலாமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த மகன் ப்ளேஸ்டேஷன் 4 கேட்கிறான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் பெட்டியை ஜெயில்பிரேக் செய்து, 40 கேம் ஏற்றித் தருகிறேன் என்கிறார்கள். சாதாரணப் பெட்டியைவிட 5,000 ரூபாய் கூடுதல். பிறகு கம்பெனிக்காரன் கேஸ் போடுவானா? அமெரிக்காவில் ஒரு பையன்மேல் போட்டார்கள் என்று என் தம்பி பயமுறுத்துகிறான்.
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கேஸ் கதைக்குப் பிறகு வருகிறேன், முதலில் பெட்டியைப் பார்ப்போம்.

ஜெயில்பிரேக் என்பது பெட்டியின் மென்பொருளில் உள்ள ஓர் ஓட்டை வழியாக உள்ளே நுழைவது. ஓட்டை எந்தப் பதிப்பில் இருக்கிறதோ, அந்தப் பதிப்போடு பெட்டியை நிறுத்தி வைக்க வேண்டும். பி.எஸ்.4-இல் 9.00, 11.00 ஆகிய பதிப்புகள் இந்த விஷயத்தில் பேர்போனவை. அப்டேட் செய்தால் ஓட்டை அடைபட்டுவிடும். செய்யாவிட்டால் சோனியின் ஆன்லைன் சேவைக்குள் நுழைய முடியாது; நண்பர்களோடு சேர்ந்து விளையாடும் ஆசையை உங்கள் மகன் மறந்துவிட வேண்டியதுதான். அதோடு, பெட்டியை முழுக்க அணைத்தால் மறுபடி போடும்போதெல்லாம் அந்த வித்தையை முதலிலிருந்து செய்ய வேண்டும். இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பெட்டியைச் சோனி ஏற்கெனவே தன் சேவையிலிருந்து தடை செய்திருக்கிறதா என்று பார்க்க, ஆன்லைனில் நுழைந்தாக வேண்டும். நுழைய அப்டேட் வேண்டும். அப்டேட் செய்தால் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கும் ஜெயில்பிரேக்கே போய்விடும். ஆக, சோதித்துப் பார்க்கவே முடியாத ஒரு பொருளுக்கு 5,000 ரூபாய்! நாளைக்கு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், பில்லில் 'ஜெயில்பிரேக் செய்தது' என்று எந்தக் கடைக்காரர் எழுதித் தருவார்?

இனி தம்பி சொன்ன பையன். அவர் பெயர் ஜார்ஜ் ஹாட்ஸ். 2007-இல், 17 வயதில், ஐபோனின் பூட்டைத் திறந்து பேர் வாங்கியவர். பி.எஸ்.4-க்கு முந்தைய பெட்டியான பி.எஸ்.3-இன் பூட்டு உடைந்த விவகாரத்தில்தான் அவர்மேல் கேஸ் வந்தது. அதில் அவர் தனியாள் இல்லை. 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு ஹேக்கர் மாநாட்டில் 'ஃபெயில் ஓவர்ஃப்ளோ' என்ற குழு மேடையேறி சோனியின் மானத்தை வாங்கியது. பி.எஸ்.3 தன் கம்பெனி கையெழுத்திட்ட மென்பொருளை மட்டுமே இயக்கும். அந்த டிஜிட்டல் கையெழுத்தைப் போடும்போது ஒவ்வொரு முறையும் யாரும் ஊகிக்க முடியாத ஒரு புது எண்ணைச் சேர்க்க வேண்டும். சோனி ஒரே எண்ணையே திரும்பத் திரும்பச் சேர்த்திருந்தது. அப்படிப்பட்ட இரண்டு கையெழுத்துகள் கிடைத்தால் போதும், பள்ளிக்கூட அல்ஜீப்ரா அளவிலான கணக்கிலேயே ரகசியச் சாவி வெளியே வந்துவிடும். வீட்டுக்கு எஃகுக் கதவு போட்டுவிட்டு, சாவியை மிதியடிக்குக் கீழே வைத்த கதை. சில நாட்களில், 2011 ஜனவரித் தொடக்கத்தில், பெட்டியின் மூலச் சாவியை ஹாட்ஸ் தன் இணையதளத்தில் போட்டார்.

ஜனவரி 11-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் சோனி வழக்குப் போட்டது. சாவியைப் பரப்பக் கூடாது என்று அந்த மாதமே தடை வாங்கியது. அதோடு விட்டிருக்கலாம். ஹாட்ஸின் தளத்துக்கு வந்துபோனவர்களின் இணைய முகவரிகள், அவருடைய பேபால் விவரங்கள் என்று கேட்டு, அதற்கும் அனுமதி பெற்றது. உங்கள் தம்பியின் பயம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்: பார்க்கப் போனவனையும் பிடிப்பார்களோ? பிடிக்கவில்லை. அப்போது நியூ ஜெர்சியில் வசித்த ஹாட்ஸ் மீது கலிபோர்னியாவில் வழக்குப் போட முடியும் என்று காட்டவும், அவர் சாவியைப் பரப்பினார் என்று காட்டவும் அந்த விவரங்கள் தேவை என்றது சோனி. ஏப்ரலில் சமரசம். இனி சோனியின் பொருளில் கை வைக்க மாட்டேன் என்று ஹாட்ஸ் நிரந்தரத் தடைக்கு ஒப்புக்கொண்டார். அவர் செய்தது சரியா தவறா என்று எந்த நீதிபதியும் கடைசிவரை சொல்லவில்லை.

அதே ஏப்ரலில் யாரோ சோனியின் ஆன்லைன் சேவைக்குள் புகுந்து ஏறத்தாழ 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சேவை முடங்கியது. ஹாட்ஸுக்கு அதில் பங்கில்லை. ஒரு பையனைத் துரத்திய மும்முரத்தைச் சொந்த வீட்டுக் கதவிலும் காட்டியிருக்கலாம் என்று அன்று பலர் முணுமுணுத்தார்கள், நானும்தான்.

விற்றவர்கள் கதை வேறு. நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டிகளுக்கு மோட் சிப்பும் (பூட்டை ஏமாற்ற உள்ளே பொருத்தும் சிப்) அதற்கான மென்பொருளும் விற்ற 'டீம் எக்ஸிக்யூட்டர்' கும்பலைச் சேர்ந்த கனடாக்காரர் கேரி பவ்ஸருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. குற்ற வழக்கில் 45 லட்சம் டாலர், நின்டெண்டோ போட்ட உரிமையியல் வழக்கில் 1 கோடி டாலர் என மொத்தம் 1 கோடியே 45 லட்சம் டாலர் அவர் தலையில். மாரியோ விளையாட்டில் வரும் வில்லன் பெயரும் பவ்ஸர், அப்போது நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் பெயரும் பவ்ஸர். கதையில் இப்படி எழுதினால் ஆசிரியர் நம்ப மாட்டார்.

நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 'நோக்கத்தோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்கச் சட்டத்தைவிட இது இளகியது. ஆனால் 40 கேம் ஏற்றித் தரும் கடைக்காரர் நோக்கமே இல்லாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 63பி பிரிவு இருக்கிறது. வியாபாரமோ லாபமோ இல்லாதபோது சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். வீட்டில் விளையாடும் பிள்ளையைத் தேடிக் கம்பெனி வரப்போவதில்லைதான். ஆனாலும் அந்த 40 கேம் சட்டப்படி உங்களுடையவை ஆகா.

சாதாரணப் பெட்டியே வாங்குங்கள். கடையிலேயே அப்டேட் செய்யச் சொல்லி, மகனின் கணக்கில் நுழைந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மிச்சமாகும் 5,000 ரூபாய்க்குப் பழைய டிஸ்க்குகள் வாங்கலாம். சலித்தால் விற்கவும் முடியும்.

கேள்வி: முழு விலை கொடுத்து வாங்கியது என் பொருள். அதைத் திறந்து நான் என்ன செய்தால் இவர்களுக்கு என்ன? காரின் பானெட்டைத் திறக்கக் கம்பெனி அனுமதி கேட்கிறோமா?
— வாசகி, மதுரை

பதில்: உங்கள் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. பி.எஸ்.3 2006-இல் வந்தபோது, அதில் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் போட்டுக் கணினியாகவும் பயன்படுத்தலாம் என்பது சோனியே கொடுத்த வசதி. அதை நம்பி அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 1,700-க்கும் மேற்பட்ட பி.எஸ்.3 பெட்டிகளை இணைத்து ஒரு சூப்பர் கணினியே கட்டியது. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்த 3.21 அப்டேட்டில் சோனி அந்த வசதியைப் பிடுங்கிவிட்டது. முட்டாள்கள் தினம் என்பதால் விளையாட்டு என்று நினைத்தவர்கள் உண்டு. அப்டேட் வேண்டாம் என்றால் ஆன்லைன் கிடையாது. அப்டேட் செய்தால் லினக்ஸ் கிடையாது. காசு கொடுத்து வாங்கிய இரண்டில் ஒன்றை நீங்களே கழற்றிக் கொடுக்க வேண்டும்.

வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். தள்ளுபடி, மேல்முறையீடு என்று எட்டு ஆண்டு இழுத்து, 2018-இல் 37.5 லட்சம் டாலரில் முடிந்தது. லினக்ஸ் திரும்பி வரவில்லை.

உங்கள் வாதம் ஓர் உயர் மன்றத்தில் நன்றாக எடுபட்டது. சிட்னியில் மோட் சிப் விற்ற ஸ்டீவன்ஸ் என்பவர்மேல் சோனி போட்ட வழக்கில், 2005 அக்டோபரில் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். சோனியின் பூட்டு, நகலெடுத்த டிஸ்க்கை ஓடவிடாமல் தடுக்கிறதே தவிர நகலெடுப்பதைத் தடுக்கவில்லை; ஆகவே அது சட்டம் சொல்லும் 'பாதுகாப்புப் பூட்டு' ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். வெளிநாட்டில் நியாயமாக வாங்கிய டிஸ்க்கையும் அதே பூட்டு தடுத்தது என்பதையும் கவனித்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்துக்கு ஏற்ப ஆஸ்திரேலியா சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

அமெரிக்காவில் பூட்டை உடைப்பதைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விதிவிலக்குகளை மூன்று ஆண்டுக்கொரு முறை பரிசீலிக்கிறார்கள். 2021-இல் கேம் பெட்டியைப் பழுது பார்க்கும் விஷயத்தில் கிடைத்தது டிஸ்க் டிரைவுக்கான அனுமதி மட்டும். உங்கள் கார் உவமையில் சொன்னால், வைப்பரை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: எமுலேட்டர் சட்டவிரோதமா?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: எமுலேட்டர், அதாவது கணினியை ஒரு கேம் பெட்டிபோல் நடிக்கவைக்கும் மென்பொருள், எமுலேட்டர் என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டவிரோதம் ஆகிவிடாது. மேக் கணினியில் ப்ளேஸ்டேஷன் விளையாட்டுகளை ஓட்டிய கனெக்டிக்ஸ் நிறுவனம் 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சோனியை வென்றது. வழக்கில் தோற்ற சோனி அந்த மென்பொருளையே விலைக்கு வாங்கி நிறுத்தியது தனிக் கதை. ஆனால் அந்தக் கால டிஸ்க்குகள் ரகசியக் குறியீட்டில் பூட்டப்பட்டவை அல்ல. ஸ்விட்ச் கேம்கள் பூட்டப்பட்டவை; சாவி இல்லாமல் எமுலேட்டரில் ஓடாது. அந்த இடத்தைப் பிடித்துத்தான் நின்டெண்டோ, ஸ்விட்ச் எமுலேட்டரான 'யூஸு'வைத் தயாரித்தவர்கள்மேல் வழக்குப் போட்டது. ஒரு வாரத்துக்குள், 2024 மார்ச் 4-இல், 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு யூஸு கடையை மூடியது. யாராவது யூஸுவைக் காசுக்கு விற்றால் வாங்காதீர்கள். அது இலவசமாகவே கிடைத்த பொருள்.